இரண்டு பக்கமும் சுழலும் சாணை

பணி அனுபவம் எழுதச் சொன்னால் ஓய்வு பெறப் போகிறவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கிறது. இந்த வருடம் சேர்ந்திருக்கும் பயிற்சி இஞ்ஜினியர்களுக்காக யாராவது நாலு பக்கம் எழுதுங்கள் என்று தமிழ்ச் சங்க மலரின் செயலாளர் கேட்டதும், மூத்தவர்கள் எல்லோரும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நழுவிவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்புவதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். முதலில் சரி சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பது என் சுபாவம். அந்தச் சுபாவம் ஒரு தடவை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

டூல் ரூமின் மூலையில் பச்சை வர்ணம் அடித்த ஒரு சாணை இயந்திரம் இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டார். ஸ்கிராப் யார்டில் கிடந்த மோட்டார், கழித்துக் கட்டிய இன்னொரு சாணையின் தண்டு, உடைந்த மில்லிங் மெஷினின் மேசை. இவற்றை வைத்து நானும் எலக்ட்ரீஷியன் சத்யமும் சேர்ந்து செய்தது அது. எப்படிச் செய்தோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. வரைபடம் அதன் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறது.

அப்போது நான் வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம். திருச்சியில் படித்து முடித்த கையோடு வந்தவன். செகந்தராபாத் பக்கம் போலாரத்தில் ஓர் அறை, காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். பஸ்ஸில் உட்கார்ந்தாலே மடியில் நோட்டுப் புத்தகம் வைத்து ஏதாவது இயந்திரம் வரைந்துகொண்டிருப்பேன். பேகம்பேட் தாண்டும்போது சத்யம் ஏறுவான். என் வயதுதான். தெலுங்குக்காரன், சினிமா பார்த்துத் தமிழ் கற்றவன். பக்கத்தில் உட்கார்ந்து நான் வரைந்ததைப் பார்த்து, "இதுக்கு கரண்ட் எங்கிருந்து வருது ரா, உன் வாயிலிருந்தா?" என்பான்.

எங்கள் மெஷின் ஷாப்பில் அப்போது இருந்த பிரச்சினை இதுதான். லேத்தில் கடின எஃகைச் செதுக்கும் டூலின் நுனியில் கார்பைடு துண்டு ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அது வைரத்துக்கு அடுத்தபடி கடினமானது. அதே அளவுக்கு முரட்டுத்தனத்தைத் தாங்காதது. பழைய எஃகு டூல்களைத் தீட்டும் அதே சாம்பல் நிறச் சாணைக்கல்லில்தான் இதையும் தீட்டினார்கள். கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் டின். தீட்டத் தீட்டச் சூடேறும், உடனே டின்னில் ஒரு முக்கு. எஃகு டூலுக்கு அது சரி. கார்பைடைச் சூட்டோடு தண்ணீரில் முக்கினால் தலைமுடி மாதிரி விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. லேத்தில் வேலை பாதியில் இருக்கும்போது படக்கென்று உடையும்.

கார்பைடுக்கென்றே பச்சை நிறச் சக்கரம் உண்டு. சக்கரம் ஸ்டோரில் இருந்தது; அதை மாட்டும் சாணைதான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வாங்கித் தரச் சொல்லி இண்டெண்ட் போட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அப்போதுதான் லேத்தில் செதுக்க வேண்டிய ஒரு பெரிய வளையம் வந்து சேர்ந்தது. இரண்டு ஆள் உயர விட்டம், கலப்பு எஃகு, ஷாப்பில் அதுவரை யாரும் செதுக்காத கடினம். நம் டூல்களோடு அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் போய் ஃபோர்மேன் வரதராஜன் சாரிடம், நாமே ஒரு சாணை செய்துவிடலாம் என்றேன். அவர் கும்பகோணத்துக்காரர், எதற்கும் குரல் உயர்த்தாதவர்.

"எத்தனை நாள்ல?"

"பத்து நாள் சார்."

"இருபதுன்னு சொல்லு. நான் பன்னெண்டு தரேன். வளையத்தை ஏத்தறதுக்கு முன்னாடி டி.ஜி.எம். வந்து பார்ப்பார். அவர் சரின்னாதான் வெச்சுக்கலாம். இல்லேன்னா எடுத்த இடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுடணும்."

பதினோராம் நாள் அது சுற்றியது.

அதில் எனக்குப் பெருமையான விஷயம் ஒன்று இருந்தது. கார்பைடைத் தீட்டும்போது சக்கரம் டூலின் கூர்முனையிலிருந்து உடம்பை நோக்கி வரவேண்டும். அப்போதுதான் அந்தத் துண்டு தன் இருக்கையில் அழுந்தும்; எதிர்ப்பக்கமாக வந்தால் பெயர்ந்துவிடும். வலது பக்கம் வெட்டும் டூலுக்கு ஒரு சுழற்சி வேண்டும், இடது பக்கம் வெட்டும் டூலுக்கு எதிர்ச்சுழற்சி. எனவே ஒரு கைப்பிடி வைத்தேன். இப்படித் தள்ளினால் இப்படிச் சுற்றும், அப்படித் தள்ளினால் அப்படி. சத்யம் ஒயரிங் செய்து கொடுத்தான், ஆனால் முகம் சுளித்தான்.

"பவர் நிறுத்தினா சக்கரம் ஒரு நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கு. அது நிக்கிறதுக்கு முன்னாடி நீ ரிவர்ஸ் போடறே. அந்த உதறல்ல நடு நட்டு தளரும். பிரேக் வெக்கலாம் ரா."

"ஒரு நிமிஷம் யாரு காத்திருப்பா?"

"நான் காத்திருப்பேன்."

"நீ காத்திரு. நான் போடறேன்."

கடைசியில் ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டேன். சக்கரத்தை நடுவில் இறுக்கிப் பிடிக்கும் நட்டின் மேலும் தண்டின் மேலும் சேர்த்துச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டோம். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

இயந்திரம் தயார். டூல்தான் வரவில்லை. எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. லேத் ஓட்டும் டர்னர் தன் டூலைத் தானேதான் தீட்டுவார். அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு கோணம், ஒரு பழக்கம். அந்தப் பெரிய வளையத்தைச் செதுக்கப் போகிறவர் லாசர் அண்ணன். செகந்தராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஷாப்பிலேயே நல்ல டர்னர், ஷாப்பிலேயே கூர்மையான வாய். அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். அவரிடம் போய் டூலைக் கொடுங்கள் அண்ணே, தீட்டித் தருகிறேன் என்றேன்.

"கைக்கு சார்? என் டூல் என்கிட்ட நல்லாதான் இருக்குது."

"உடையுதே அண்ணே."

"ஹவ், உடையுது. நான் தீட்டினா உடையுது, என்னையே திட்டிக்கிறேன். நீங்க தீட்டி உடைஞ்சா யாரைத் திட்டுறது? இஞ்ஜினியரைத் திட்ட முடியுமா? நக்கோ சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மற்ற டர்னர்களும் அவரைப் பார்த்துத்தான் நடப்பார்கள் என்பதால் அன்று ஒருவரும் கொடுக்கவில்லை. ஸ்டோரில் இருந்து இரண்டு புது டூல்களை வாங்கி, ஒன்று வலது, ஒன்று இடது, அவற்றையே திரும்பத் திரும்பத் தீட்டிப் பார்த்தேன். மாற்றி மாற்றிக் கைப்பிடியைத் தள்ளினேன். நன்றாக வந்தது.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு டி.ஜி.எம்., அதாவது துணைப் பொது மேலாளர், வருவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது சிவப்புக் கோடு உடைந்திருந்தது. ஒரு தீக்குச்சி கனத்துக்கு நட்டின் மேல் இருந்த பாதி விலகியிருந்தது.

இந்த இடத்தை நீங்கள் மெதுவாகப் படிக்க வேண்டும். நான் அன்றைக்கு மெதுவாக யோசிக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் ஒரு காகித வளையம் இருக்கிறது, அது அமுங்கியிருக்கும், அதனால் நட்டு கொஞ்சம் உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தால் கோடு இறுகும் பக்கம் விலக வேண்டும். இது தளரும் பக்கம் விலகியிருந்தது. அதுவும் கண்ணில் பட்டது. ஸ்பேனர் வைத்து இறுக்கினேன். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிய கோடு போட்டேன். சத்யத்திடம் சொல்லவில்லை. எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பதினொன்றுக்கு டி.ஜி.எம். வந்தார். கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றார். அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று சக்கரத்தின் முன்மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். வலது டூலைத் தீட்டிக் காட்டினேன். பிறகு, சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சர்க்கஸ்காரன் மாதிரிக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் தள்ளி, இடது டூலையும் தீட்டினேன். நிறுத்தினேன். அவர் பூதக்கண்ணாடியால் இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டு, "குட். பிளவு ஒன்றுமில்லை. ஆனால் டர்னர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா?" என்று கேட்டார்.

பின்வரிசையில் இருந்து லாசர் அண்ணன் வந்தார். கையில் அவருடைய சொந்த டூல். இடது பக்கம் வெட்டுவது. பிடியில் அவர் எண் பொறித்தது.

"இதைத் தீட்டுங்க சார். ஸ்டோர் டூலை யார் வேணும்னாலும் தீட்டலாம். இது எட்டு வருஷமா என் கையில இருக்குது."

அவரே மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, முனையில் சக்கரம் எப்படித் தொடுகிறது என்று பார்ப்பதற்காகச் சக்கரத்துக்கு நேர் எதிரே குனிந்தார். வரதராஜன் சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சத்யம் சிரித்தே விட்டான். நான் இரண்டு வாரமாகக் காத்திருந்த நேரம் அது. கைப்பிடியில் கை வைத்தேன்.

சக்கரம் அசையாமல் நின்றிருந்தது. காலையில் நான் போட்ட புதுக் கோட்டின் இரண்டு பாதிகளுக்கு நடுவே இப்போது ஒரு கட்டை விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி. இன்னொரு முறை அதே எதிர்ப்பக்கம் சுழற்றினால் நட்டு இன்னும் எவ்வளவு கழலும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகாது. அங்கே நின்ற யாருக்கும் அந்தக் கோடு எதற்கு என்று தெரியாது, சத்யத்தைத் தவிர. சக்கரம் கழன்றால் நேராக எதிரே வரும். எதிரே லாசர் அண்ணனின் முகம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் என் முகம் இருந்திருந்தால் கைப்பிடியைத் தள்ளியிருப்பேன்.

"சார், இன்னைக்கு இதை ஓட்ட முடியாது" என்றேன். "நட்டு தளருது."

டி.ஜி.எம். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "இப்பதானே ஓடியது?"

"ஓடியிருக்கக் கூடாது சார்."

லாசர் அண்ணன் நிமிர்ந்து, தன் டூலை எடுத்து, வேட்டி மடிப்பதுபோல் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது. டி.ஜி.எம். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வரதராஜன், டூல்களை வெளியே ஒரு தனியார் பட்டறைக்கு அனுப்பித் தீட்டி வாங்குங்கள். இந்த மெஷினை டர்னர்களே கேட்டால் வைத்துக்கொள்ளலாம். கேட்பார்கள் என்று தோன்றவில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சத்யம் நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினான். கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. நட்டைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் போட்டான்.

வரதராஜன் சார் அறைக்குக் கூப்பிட்டார். காலையில் கோட்டைத் துடைத்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. வாயில் வந்துவிட்டது.

பேனாவை மூடி வைத்தார். "ஷிஃப்ட் ரெஜிஸ்டர்ல எழுதிடு."

"நட்டு தளர்ந்ததையா சார்?"

"கோட்டைத் துடைச்சதை."

ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்பது ஷாப் வாசலில் கயிறு கட்டித் தொங்கும் நீளமான நோட்டு. வேலை மாறும்போது அதைப் பார்க்காமல் யாரும் இயந்திரத்தைத் தொட மாட்டார்கள். தெலுங்கு, உருது, ஆங்கிலம், அவரவர் மொழியில் எழுதுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்வார். நான் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினேன். காலை எட்டு மணிக்கு நட்டு நகர்ந்திருந்தது, நான் அடையாளத்தை அழித்துவிட்டுப் புதிது போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. கீழே கையெழுத்து. மத்தியானத்துக்குள் ஷாப் முழுக்கத் தெரிந்துவிட்டது. கான்டீன் வரிசையில் என் பெயர் "கோடு சார்" ஆகிவிட்டது. அடுத்த இரண்டு நாள் நான் கான்டீனுக்கே போகவில்லை.

மூன்றாம் நாள் நானும் சத்யமும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். யாரும் கேட்காவிட்டாலும், ஸ்கிராப் யார்டுக்குத் திரும்பிப் போவதற்கு முன் அதைச் சரியாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. நடு நட்டையே எடுத்துவிட்டோம். தண்டோடு சாவி எனப்படும் சின்ன இரும்புக் கட்டை போட்டுப் பூட்டிய ஒரு தட்டு. அந்தத் தட்டோடு சக்கரத்தை ஆறு திருகாணிகள் பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் சுற்றினாலும் தளர வழியில்லை. மூடி கழன்றிருந்தால் மோட்டார் கிளம்பாது. பவரை நிறுத்திய பின் சக்கரம் முழுக்க நின்றால்தான் கைப்பிடி எதிர்ப்பக்கம் போகும். அது சத்யத்தின் வேலை.

"ஒரு நிமிஷம் காத்திருப்பியா?" என்றான்.

"காத்திருக்கேன்."

"ரெஜிஸ்டர்ல எழுது."

அப்போது லாசர் அண்ணன் வந்து நின்றார். ஷூவால் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"சார், அந்த மூணு வரி. எழுதலேன்னா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா அண்ணே."

"ஃபோர்மேன் எழுதச் சொன்னாரு. நீங்க வேற மாதிரி எழுதியிருக்கலாம். சும்மா நட்டு லூஸுன்னு."

தலையைக் குனிந்து திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிஸ்கட் டின். மேசையில் கவிழ்த்தார். உடைந்த டூல்கள். பதினேழு. எல்லாவற்றின் பிடியிலும் அவர் எண்.

"டூல் உடைஞ்சா நம்ம பேர்ல எழுதுவாங்க இல்ல? எழுதினா சூப்பர்வைசர் கேப்பாரு. அதனால லாக்கர்ல போட்டுடறது. ஸ்டோர்ல வேற வேலைக் கணக்குல ஒண்ணு வாங்கிக்கறது. நான் மட்டும் இல்லே. எல்லார் லாக்கர்லயும் ஒரு டின் இருக்குது."

சத்யம் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். உடைந்த இடத்தில் பழைய விரிசலின் கறுப்பு விளிம்பு. தண்ணீர் முக்கிய விரிசல். இன்னொன்றிலும் அதே. எல்லாவற்றிலும் அதே. வெளியே இருந்து பார்த்த டி.ஜி.எம்.முக்கும், உள்ளே இருந்த எனக்கும்கூட, நம் டூல்கள் எத்தனை உடைகின்றன என்பது அதுவரை தெரியவே தெரியாது. நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"வெளியே தீட்ட அனுப்பப் போறாங்களாம்" என்றார் லாசர் அண்ணன். "யார் தீட்டுவான், எப்படித் தீட்டுவான், எனக்குத் தெரியாது. அதுக்கு நக்கோ. இந்த மிஷின் இங்கேயே இருக்கட்டும். நான் பக்கத்துல நின்னு பாப்பேன். உங்களை நம்பி இல்லே சார். நீங்க நிறுத்துவீங்கன்னு நம்பி."

அன்று மாலை ஃபோர்மேன் அறைக்கு முன்னால் டர்னர்கள் வரிசையாக வந்து மேசையில் டின்களைக் கவிழ்த்தார்கள். ஒருவர் தலைகுனிந்து வந்தார். ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "சார், இது என் மூதாதையர் சொத்து" என்றார். வரதராஜன் சார் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லா உடைந்த டூல்களையும் ஒரு மரப்பலகையில் ஆணி அடித்து மாட்டி, டி.ஜி.எம். அறைக்குக் கொண்டுபோனார். பலகையின் கீழே டர்னர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு காகிதம்: இந்தச் சாணை எங்களுக்கு வேண்டும்.

இந்தத் தடவை டி.ஜி.எம். வந்தபோது நான் மூடியைக் கழற்றி வைக்கவில்லை. அவர் மூடியைத் தொட்டுப் பார்த்து, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வளையம் ஏறிய நாள் ஷாப்பில் யாரும் அவரவர் இடத்தில் இல்லை. லாசர் அண்ணனின் டூலை அன்று காலை நான் தீட்டினேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு நொடியும் பார்த்தார். தண்ணீர் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஆற விட்டு ஆற விட்டு. முதல் வெட்டு இறங்கியது. நீலச் சுருள்கள் கழன்று விழுந்தன. அந்தச் சத்தம் உங்களுக்குப் பிற்பாடு பழகிப்போகும். எனக்கு அன்றைக்குப் பழகவில்லை. டூல் ரூமுக்குத் திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்த நொடியிலும் அந்தப் படக் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு.

நாற்பது நிமிடம் கழித்து லாசர் அண்ணன் உள்ளே வந்தார். கையில் டூல்.

"உடைஞ்சுதா அண்ணே?"

டூலை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். முனையில் ஒரு சின்ன, சீரான, மழுங்கிய பட்டை. வேலை செய்த தேய்மானம்.

"உடையலை தம்பி. தேய்ஞ்சிருக்கு. தேய்ஞ்சா நியாயம்" என்றார். டூலை மேசையில் வைத்து, மூடியை அவரே ஒரு தட்டு தட்டி உறுதி செய்துகொண்டார். "இந்தத் தடவை அரை டிகிரி கம்மி பண்ணு. நீ பிடிக்கிற கோணம் சரியில்லை."

என் கோணம் சரிதான் என்றேன். அவர் இல்லை என்றார். கோணமானியை எடுத்து வைத்து இருவரும் சண்டை போட ஆரம்பித்தோம்.